ஐந்தை மாற்றிவிட்டு ஒன்றைக் கொண்டாடுபவர்

கெட்டிக்காரர்களில் ஒரு தனி இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஏதாவது சரிவரவில்லை என்றால் ஒரே மூச்சில் ஐந்து விஷயங்களை மாற்றுவார். எப்படியோ அது சரியாகிவிட்டால், ஐந்தில் தனக்குப் பிடித்த ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். மற்ற நான்கும் அநாதை.

இங்கே வருகிறவர் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். அதிலும் சிறு பிள்ளைகளுக்குச் சோதனை செய்வது எப்படி என்று சொல்லித்தருகிறவர்! "ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்து. மத்ததைத் தொடாதே. அப்பதான் எதனால என்ன நடந்துச்சுன்னு தெரியும்" என்று கரும்பலகை அதிர முழங்குவார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பாடத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்.

அவர் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பிரசவ விடுப்பு முடியப்போகிறது. கைக்குழந்தையோ மத்தியானம் கண்ணை மூடுவேனா என்கிறது. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள், நிபந்தனையோடு. "மத்தியானம் தூங்குற குழந்தைன்னா பாத்துக்கறேன். இல்லேன்னா ஆளை விடு, எனக்கு முதுகுவலி." குழந்தை தூங்கவில்லை என்றால் வேலையை விடவேண்டியதுதான். அந்தக் கவலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளி விடுமுறையில் இருந்த வாத்தியார் களத்தில் இறங்கினார். தெருப்பக்க அறையிலிருந்த தொட்டிலைப் பின்னறைக்குக் கொண்டுபோனார், திரைச்சீலையை இழுத்துவிட்டார், மின்விசிறியைக் குறைத்தார், விரிப்பை மாற்றினார், போதாக்குறைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடவும் ஆரம்பித்தார். குழந்தை தூங்கிவிட்டது.

"பாத்தியா? எல்லாம் என் பாட்டு."

"எதிர்ப் பட்டறையில இரும்பு அறுக்கற சத்தம் பின்னறைக்கு வரலையேங்க, அதனால இருக்குமோ?"

"இரும்பு கிடக்குது. குரல்ல இருக்குது விஷயம்."

அக்காவுக்கு வேண்டுமே என்று பாட்டைக் கைபேசியில் பதிவுசெய்தும் கொடுத்தார். கேட்டுப் பார்த்த நாத்தனார் முகம் வெளுத்துப்போய், "இதை நான் தினமும் கேக்கணுமா?" என்றாள்.

போகப்போவது மனைவியின் வேலை. பாட்டை நம்பி அதைப் பணயம் வைக்க அவளுக்கு மனமில்லை. மறுநாள் அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நிறுத்தினாள். குழந்தை அடித்துப்போட்டாற்போல் தூங்கியது. அடுத்த நாள் பாட்டு உண்டு, திரைச்சீலை, விசிறி, விரிப்பு எல்லாம் உண்டு. தொட்டில் மட்டும் தெருப்பக்க அறைக்கு வந்தது. அவர் பாடப்பாடக் குழந்தை போட்ட கூச்சலில், பட்டறைக்காரரே இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு அதுக்கு வயிறு சரியில்லை" என்றார் வாத்தியார்.

தூங்கினால் பாட்டு. அழுதால் வயிறு. இவரை யார் ஜெயிப்பது?

அவளுக்கோ வேறு பயம். பின்னறைதான் காரணமாக இருக்கவேண்டும் என்று தான் ஆசைப்படுவதால் தனக்கு அப்படித் தோன்றுகிறதோ? இரண்டையும் இன்னொரு முறை செய்து பார்த்தாள். பாட்டில்லாத பின்னறையில் தூக்கம். பாட்டுள்ள தெருப்பக்க அறையில் அழுகை. அதன்பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தூங்கினாளா?"

"அவ தூங்கினா, பக்கத்துல நானும் தூங்கினேன்" என்றாள் நாத்தனார். "பாட்டு போடவே இல்லை."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பியது. வாத்தியாரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் பெருமை தாங்கவில்லை.

"இத்தனை நாள் நான் பாடினது குழந்தைக்குள்ள நல்லா இறங்கிடுச்சு. அதான் இப்ப பாட்டே இல்லாம தூங்குது!"

இதற்கு என்ன சோதனை வைப்பீர்கள்? அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். படிக்கும்போதே உங்களுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்திருப்பார். மச்சானோ, மேலதிகாரியோ, அச்சு அசல் இவரேதான் என்று முடிவே கட்டியிருப்பீர்கள். சரி, எப்படிச் சோதித்தீர்கள்?