இடுக்கியால் தின்ற கேக்

கடிகாரக்காரர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். தன் சொந்த ரத்தத்தை வைத்தே மனைவியைத் தோற்கடிப்பது!

கொதித்துப் போய் எடுத்த சபதம் அது. அந்தச் சமையலறையில் கொதித்ததும் அவர் ஒருவர்தான். டீ கொதிக்கவில்லை. பச்சைத் தேயிலையைக் கொதிக்க விடக் கூடாதாம்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தபின் ஊசி தேவைப்படுவதில்லை. வார்த்தையே போதும். போன வாரம் கணவரின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "எல்லைக் கோட்டுல நிக்கறீங்க" என்றாள். அன்றோடு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ வீட்டை விட்டு வெளியேறியது. பிஸ்கட் டப்பாவும் துணைக்குப் போனது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது ஒரு டின்.

டின்னின் மேல் மூன்றடுக்கு கேக் படம். உச்சியில் கிரீம், அதன்மேல் ஸ்ட்ராபெரி, பக்கவாட்டில் வழியும் கேரமல். அடியில், வெட்கப்பட்டுக்கொண்டு, சின்ன எழுத்தில் 'பச்சைத் தேயிலை'.

"குடிச்சுப் பாருங்க. உங்களுக்குன்னே தேடி வாங்கினேன்."

கோப்பையை மோந்து பார்த்தார். கேக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. குடித்தார். கேக் கடையைப் பூட்டிவிட்டார்கள், வாசலில் மழையில் நிற்கிறோம் என்பது மாதிரி இருந்தது.

"என்ன இது? மூக்குக்கு விருந்து, நாக்குக்குப் பட்டினியா?"

"இனிப்பு வாசனைக்குத்தாங்க."

"வாசனைக்குன்னா சோப்பைக் கரைச்சுக் கொடேன்! நுரையாவது வரும்!"

"கத்தாதீங்க. பிரஷர் ஏறும். அப்புறம் அதுக்கு வேற ஒரு டின் தேடணும்."

"இதைக் குடிச்சா சர்க்கரை குறையும்னு எவன் சொன்னான்?"

"மூணு வாரம் குடிங்க. ரத்தம் எடுத்துப் பார்ப்போம். குறையலைன்னா பழைய பால் டீயே போட்டுத் தரேன்."

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோட?"

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோட. குறைஞ்சுதுன்னா ஆயுசுக்கும் இதுதான். முணுமுணுக்கக் கூடாது."

அவள் குளிக்கப் போனாள். அவர் டின்னைத் திறந்தார், திட்டுவதற்காகத்தான். ஆனால் உள்ளே பார்த்ததும் வாய் நின்றது. இலைக்கு நடுவே காய்ந்த பழத்துண்டுகள், ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டிச் சர்க்கரை இதயங்கள், தேன் நிறத்தில் கேரமல் கட்டிகள். படத்தில் இருந்த கேக்கை யாரோ உடைத்து உள்ளே ஒளித்து வைத்த மாதிரி!

சபதம் பிறந்தது அப்போதுதான். இதையெல்லாம் பொறுக்கித் தின்பது. சர்க்கரையை ஏற்றுவது. 'பார்த்தியா உன் பச்சைத் தண்ணியின் லட்சணத்தை!' என்று காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டுவது.

பொறுக்குவது அவருக்குப் பெரிய காரியமா? ஒற்றைக் கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி, எள்ளைவிடச் சின்ன திருகுகளை எடுத்து வைக்கிற தொழில். சாப்பாட்டிலும் அதே சுத்தம். பதினெட்டு வருடமாகக் கேரட், பீட்ரூட், பரங்கிக்காய் மூன்றையும் ஒரு துணுக்கு விடாமல் தட்டின் ஓரத்தில் வேலி கட்டிவிடுவார். மூன்றும் என்ன ருசி என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரியாததன் மேல்தானே அவ்வளவு கோபப்பட முடியும்!

மனைவியின் குளியல் பன்னிரண்டு நிமிடம். கடிகாரக்காரருக்கு நிமிடக் கணக்கு தப்புமா? தினமும் லென்ஸை மாட்டினார், இடுக்கியை எடுத்தார். கோபத்தில் கை நடுங்கினால் தொழில் போய்விடும் என்பதால் கோபத்தைக் கழுத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ள அவருக்குப் பழக்கம் உண்டு. கழுத்துக்குக் கீழே கை பாட்டுக்கு வேலை செய்தது. இதயம் இதயமாகத் தின்றார்.

ஒரு வாரத்தில் டின் காலியானது. இரண்டாவது வந்தது.

அதில் ஏதோ குறைந்தது. அதே ரோஸ், அதே தேன் நிறம், அதே கேக் வாசனை. ஆனால் இனிப்பு? சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. இதயங்கள் கரையவில்லை, மெல்ல வேண்டியிருந்தது. இனிப்பு குறைந்தால் எண்ணிக்கையைக் கூட்டுவோம் என்று இடுக்கியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினார். அள்ள அள்ளக் குறையவில்லை. மூன்றாவது டின்னில் இலையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பல் வலித்ததே தவிரத் தித்திக்கவில்லை.

"ஏமாத்தறானுங்க!" என்று பொங்கினார். பரிசோதனைக்கு முதல் நாள், கடிகார உதிரிகள் போடும் டப்பாவில் கொஞ்சம் சாட்சியைப் போட்டுக்கொண்டு நேரே டீத்தூள் கடைக்குப் போனார்.

"வாங்க சார். இலை எப்படி இருக்கு?" என்றாள் கடைக்காரம்மா.

"இலையை யாருங்க கேட்டா! இனிப்பு எங்க? பணத்தை வாங்கிட்டு இப்படியா ஊரை ஏய்க்கிறது?"

கடைக்காரம்மா வாக்குவாதம் செய்யவில்லை. புது டின் ஒன்றைப் பிரித்து நீட்டினாள். ரோஸ் இதயம் ஒன்று அவர் நாக்கில் பட்டது. பல் தொடும் முன்பே கரைந்து போனது. அப்படி ஒரு இனிப்பு! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அவருடைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மென்றாள்.

"சார், இது பீட்ரூட்."

"எது?"

"இந்த ஆரஞ்சு நிறம் கேரட். இது பரங்கிக்காய். எவ்வளவு பொடிசா வெட்டி, என்னமா காய வெச்சிருக்காங்க! யார் சார் கைவேலை?"

வீடு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்தார். யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிக் கேட்பது? 'டின்னுல இருந்த இனிப்பை எடுத்தது யாரு?' என்று வாயைத் திறந்தால், 'இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று வருமே! பதினெட்டு வருட இல்லறத்தில் இவ்வளவு நியாயமான கோபம் அவருக்கு வந்ததே இல்லை. அதையும் முழுங்கித் தொலைத்தார்.

மறுநாள் காலை அவள் ஊசி குத்தினாள். சாயங்காலம் காகிதத்தோடு வந்தாள்.

"குறைஞ்சிருக்கு. நல்லாவே குறைஞ்சிருக்கு."

"எப்படிக் குறையாம இருக்கும்! நான் தின்னதெல்லாம்…"

நிறுத்தினார். நேரம் கடந்துவிட்டது.

"சொல்லுங்க. என்ன தின்னீங்க?"

"நீயே சொல்லு! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"முதல் டின் பாதியிலேயே பார்த்தேன். வெறும் இலை. எலின்னா சிந்தியிருக்கும். எறும்புன்னா வரிசை இருக்கும். சர்க்கரைத் தூள்கூட விடாம இவ்வளவு சுத்தமா பொறுக்க இந்த வீட்டுல ஒரே ஒரு இடுக்கிதாங்க இருக்கு."

"அப்ப ரெண்டாவது டின்லேர்ந்து அந்த நிஜ இனிப்பெல்லாம் எங்க போச்சு?"

"நான் தின்னுட்டேன். என் சர்க்கரை சரியாத்தானே இருக்கு?"

கோபம் முதல் தடவையாகக் கழுத்தைத் தாண்டிக் கைக்கு இறங்கியது.

"துரோகி! கேரட்டையும் பீட்ரூட்டையும் எனக்கா? பதினெட்டு வருஷமா தொட்டிருப்பேனா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன். திருடினாத்தான் உங்களுக்கு உள்ள இறங்கும்னு தெரியாமப் போச்சே! தெரிஞ்சிருந்தா கல்யாணமான மறுநாளே காய்கறிக்குப் பூட்டு போட்டிருப்பேன்."



மறுநாள் காலை சமையலறை அலமாரியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. சாவி, கைக்கெட்டும் ஆணியில். அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் அவர் கோபமாக நின்றார். பாக்கிப் பத்தில் கேரட் டப்பா காலி.