ஓதம் படாத இடம்

இந்த வருஷம் அடைமழை பிடிப்பதற்குள் என் கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன். பாத்ரூமில்தான் எடுத்தேன். வெளியே எடுத்தால் சூடாமணி காதில் விழும். சூடாமணி என் மனைவி.

கம்ப்யூட்டர் என்றதும் மடியில் வைத்துத் தட்டுகிற சமாசாரத்தை நினைக்காதீர்கள். இதை மடியில் வைத்தால் மடி மிஞ்சாது. நாற்பது வருஷத்துப் பழசு. பச்சை எழுத்து, பின்பக்கம் ஒன்றரை அடிக்கு நீளும் திரை. ஞாபகசக்தி வெறும் அறுபத்துநாலு கே.பி. சூடாமணியின் ஞாபகசக்திக்கு அளவே கிடையாது. கல்யாணத்தன்று என் அத்தை சொன்ன ஒரு வார்த்தைகூட இன்னும் அழியவில்லை.

வருஷத்துக்கு மூன்று தடவை அடையாறிலிருந்து ஹஸன் வருவான். பழைய ஆபீஸ் சிநேகிதன். இரண்டு கிழங்களும் அதை உசுப்பி, புள்ளி தின்னும் பாம்பு விளையாடுவோம். மற்ற நாளெல்லாம் அது கட்டிலுக்கு அடியில். போன மழையில் 'K' பட்டன் பூஞ்சை பூத்துவிட்டது.

"பத்ரி, இன்னொரு மழை அங்கயே கிடந்தா இது எந்திரிக்காதுப்பா" என்றான் ஹஸன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் சொன்னதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பேட்டரியைக் கழற்றி வை. பருத்தித் துணியால் மூடு. ஓதம் படாத இடம். எறும்பு அண்டாத இடம். சும்மா சும்மா வெளியே எடுக்கக் கூடாது.

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் அப்படியோர் இடம் பெட்ரூம் பரண்தான். அங்கே சூடாமணியின் கொலு பொம்மைகள் குடியிருக்கின்றன. எண்பத்துமூன்று உருப்படி. ஒவ்வொன்றுக்கும் என் வேஷ்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாள். செட்டியார் பொம்மைக்கு மட்டும் என் கல்யாண அங்கவஸ்திரம்.

விஜயதசமிக்கு மறுநாள். பொம்மைகள் கூடத்தில் படுத்திருந்தன. பரண் காலி. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

சூடாமணி பாண்டி பஜார் கிளம்பினாள். அவள் இல்லாத நேரத்தில் நானே போட்டுக்கொள்ளும் ஸ்பெஷல் காபி ஒன்று உண்டு. அதில் பாதியைக் குடித்தேன். மீதியில் பஞ்சை நனைத்து, ஏணி போட்டு ஏறி, பரண் சுவரெல்லாம் ஒற்றினேன். காய்ந்ததும் அசல் ஓதக்கறை! நானே ஏமாந்துபோய், 'அடடா, பெயின்ட் அடிக்கணுமே' என்று கவலைப்பட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

"சூடா, பொம்மையை மேல ஏத்தாதே. பரண்ல ஓதம்!"

"ஓதமா? கொலுவுக்கு எடுக்கறச்சே அப்பளமாக் காஞ்சிருந்ததே."

"ஓதம் என்ன, சொல்லிண்டா வரும்?"

"அம்மாடி" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்னா, ஓதத்துக்கு எறும்பு வருமோ?"

"எறும்பா?"

"வரிசை கட்டிண்டு வரது."

"அது... மழை வரப்போறதோன்னோ? மேட்டுக்கு ஏறறது."

"ஓகோ" என்று இறங்கினாள். "அப்போ மண் பொம்மையை அங்க வைக்கப்படாது. கூடத்துல இருக்கே உங்க பீரோ, அதைக் காலி பண்ணுங்கோ."

என் பீரோ! அதில் முப்பது வருஷத்து வயர்கள் இருந்தன. எதற்கு என்று எனக்கே தெரியாது, ஆனால் வேண்டும். போனால் போகிறது, பரண் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் கோணியில் கொட்டிப் பால்கனிக்கு இழுத்தேன். எண்பத்துமூன்று பேரும் பீரோவில் குடியேறினார்கள். சாவி அவள் இடுப்புக்கு ஏறியது.

இனி என் முறை. கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன்.

"எங்க கிளம்பிட்டேள்?"

"பரணுக்கு."

"நன்னாருக்கே! அங்க ஓதம்னேளே? ஓதம் படாத இடம்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கேள்? ஆசை ஆசையா வெச்சிருக்கற பெட்டி வீணாப்போக நான் விடுவேனா? கட்டிலுக்கு அடியிலயே தள்ளுங்கோ."

வெளியே இடி இடித்தது. கையில் பன்னிரண்டு கிலோ. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பரணுக்குப் புறப்பட்டவன் சரணுக்கு வந்தேன்.

"அது ஓதம் இல்லை, சூடா. காபி."

"தெரியும். மோந்து பார்த்துட்டுத்தான் இறங்கினேன்."

"அப்புறம் ஏன்..."

"முட்டி வலியோட ஏணி ஏற முடியலை. பீரோவை எப்படிக் கேக்கறதுன்னு பத்து நாளா யோசிச்சிண்டிருந்தேன். நீங்களே வழி பண்ணிட்டேள். பெட்டியை ஏத்துங்கோ. மொதல்ல சுவத்தைத் தொடைங்கோ."

துடைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன். மிச்சமிருந்த ஒரே நல்ல வேஷ்டியால் மூடி ஏற்றினேன். மழை கொட்ட ஆரம்பித்தது. கொட்டட்டும்! பீரோ போனால் என்ன, பெட்டி பிழைத்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

"ஒண்ணுதான் புரியலை" என்றாள் சூடாமணி. "டாக்டர் உங்களுக்குச் சர்க்கரையை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. வெறும் காபிக்கு எறும்பு வராதே?"

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

சமையலறைக்குப் போனாள். சர்க்கரை டப்பாவோடு வந்தாள். என் துண்டால் அதைச் சுற்றி, செட்டியாருக்குப் பக்கத்தில் வைத்து, பீரோவைப் பூட்டினாள். சுவரிலிருந்த என் காகிதத்தைப் பிய்த்து வந்து பீரோ கதவில் ஒட்டினாள்.

"ஓதம் படாது, எறும்பு அண்டாது. அடுத்த நவராத்திரிக்கு வெளில எடுத்தாப் போறும்."