அளவெடுத்துக் கட்டிய குளியலறை

சிரஞ்சீவி மைத்துனனுக்கு அத்தானின் ஆசிகள்.

நானும் உன் அக்காவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. பேனா ஒத்துழைக்க மறுக்கிறது. அங்கு உன் மனைவி, பிள்ளைகள், வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் உன் பட்டறை எல்லாம் நலம்தானே?

நான் தையல் கடையை மூடியதும் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அக்கா கல்யாணமான நாளிலிருந்து கண்ட கனவு. அந்தக் கனவுக்கு நீ கட்டிக்கொடுத்த கேரவனில் படுக்கை பிரமாதம், அடுப்படி பிரமாதம். குளியலறையை மட்டும் என்ன நினைத்துக் கட்டினாய், மாப்பிள்ளை? அலமாரி செய்ய ஆரம்பித்துப் பாதியில் மனசு மாறிக் குழாய் வைத்துவிட்டாயா? கக்கூஸும் ஷவரும் கை கழுவும் தொட்டியும் ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. துண்டு மாட்டும் கொக்கி ஷவருக்கு நேர் கீழே. எனக்கு முன்னால் துண்டு குளித்துவிடுகிறது. முழங்கையை அசைத்தால் குழாய் திறந்துகொள்கிறது, அதை மூடத் திரும்பினால் இடுப்பு இடித்து விளக்கு அணைகிறது. நேற்று சோப்பு நழுவி விழுந்தது. கதவைத் திறந்து பின்பக்கத்தை வெளியே நீட்டினால்தான் முன்பக்கம் குனியும். எதிரே வண்டி வாசலை அக்கா காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்து வண்டிக்காரர் அந்த வழியாக நடந்தவர், "குட்மார்னிங் சார்" என்றார். மனிதர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இன்று காலை உன் அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். சுவரில் மடக்கி வைத்த கை கழுவும் தொட்டி தானாகக் கழன்று அவள் மடியில் இறங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க, அவள் முழங்கை குழாயில் பட, இரண்டு பேரும் உடுத்திய துணியோடு நனைந்தோம்.

"என்னங்க, நாளைக்குக் காலைல என்னை பஸ் ஏத்தி விட்டுடுங்க. நீங்களும் உங்க பாத்ரூமும் ஊரைச் சுத்திட்டு வாங்க," என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, பெட்டியையும் கட்டிவிட்டாள். அவள் இல்லாமல் நான் எங்கே போவேன்?

தப்பு முழுக்க உன்னுடையது. இத்தனை வருஷத்தில் அளவு சரியில்லை என்று ஒரு சட்டை என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. குளியலறைக்கென்று என் அளவை டேப் வைத்து எடுத்துத் தந்தேன். உன் அக்கா அளவுக்கு டேப்பே தேவையில்லை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நீதான் பலகையில் எங்கேயோ கை வைத்திருக்கிறாய். உடனே ஆளை அனுப்பி அந்தக் குளியலறையை இடித்துக் கட்டு.

மற்றபடி உன் குடும்பம் தழைக்கட்டும், தொழில் பெருகட்டும். உன் கையால் இன்னொரு குளியலறை மட்டும் எழும்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஈரம் காயாத உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. அத்தான் உள்ளே போயிருக்கிறார். தொட்டி அவர் மடியிலும் இறங்கிவிட்டதாம், கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். அந்த அறையை டேப் வைத்து நானே அளந்து பார்த்துவிட்டேன். அவர் சொன்ன அளவுக்கு நீ நூல் பிசகாமல் கட்டியிருக்கிறாய். அவருடைய அளவு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்று எடுத்தது. டேப்பைப் பிடித்தவளே நான்தான். என் அளவை எப்போது எடுத்தீர்கள் என்று இப்போதுதான் கேட்டேன். பேண்ட் சட்டை தைக்கிற மனிதர் எனக்குத் தைத்தது ஒரே ஒரு ரவிக்கை, கல்யாணத்துக்கு. அந்த அளவைத்தான் உன்னிடம் ஒப்பித்திருக்கிறார். "ஏன், இப்ப மட்டும் என்ன மாறிட்டே?" என்கிறார், குரலில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். ஆள் அனுப்பாதே. அந்த அறையில் ஒரு ஆணியைக்கூடத் தொடாதே. பெட்டியை அவிழ்த்துவிட்டேன். போய் அவரைத் தூக்கிவிடுகிறேன், வண்டியை எடுக்க நேரமாகிறது.