ஊருணியை இடமாகச் சுற்ற வைத்தவள்

மற்றவர்களுக்கு நல்லது செய்தே தீருவது என்று ஒருத்தி இருபத்திரண்டு வயதில் முடிவு கட்டிவிட்டால், அந்த மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த வயது. விருதுநகர் டவுனில் பிறந்து வளர்ந்த என்னை, விஸ்வநத்தத்தைத் தாண்டி ஒரு கிராமத்துக்குக் கிராம சேவிகாவாக அனுப்பியிருந்தார்கள். கைத்தறிச் சேலையும் லேடீஸ் சைக்கிளுமாகப் போய் இறங்கி, புகையில்லா அடுப்பின் பெருமையை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். (ஊரில் எல்லோரும் என்னை ‘டீச்சர்’ என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். “சரிங்க டீச்சர்” என்றார்கள்.)

அந்த வருடம் தீபாவளி சீசன் மும்முரத்தில், பக்கத்திலிருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்தது. கிழக்குத் தெருவிலிருந்து காலையில் வேலைக்குப் போன பெண்களில் பலர் திரும்பி வரவில்லை. யார் எவர் என்று அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. சிவகாசியிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எரித்துவிட்டார்கள். சேதி தெரிந்து ஊர்ச்சனம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதில் போனவர்களில் ஒருத்தி பேச்சி. வெள்ளைத்தாயின் ஒரே மகள். திரி வைக்கிற வேலை பார்த்தாள். சைக்கிள் கற்றுக்கொடுக்கச் சொல்லி என்னை அரித்துக்கொண்டே இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். இரண்டு பேருமாகப் போய் வேலிக்குள் விழுந்தோம். முள்ளை எடுக்கக்கூட விடாமல் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் கம்பெனி மறுபடி திறந்தது. வேறு வழியில்லாதவர்கள் மறுபடி வேலைக்குப் போனார்கள். வெள்ளைத்தாய் போகவில்லை. அழவும் இல்லை. வாசலில் உட்கார்ந்து, மகள் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தெருவில் அப்படி நாலைந்து வாசல்கள் இருந்தன. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என்ன பேசுவதென்று தெரியாது. புகையில்லா அடுப்பைப் பற்றியா பேசுவது?

அப்போதுதான் பயிற்சியில் ஓர் அம்மையார் சொன்னது நினைவுக்கு வந்தது. துக்கம் உட்கார்ந்திருந்தால் கெட்டிப்படும், அதனால் துக்கப்பட்டவர்களைக் காற்றோட்டமான இடத்தில், அமைதியாக நடக்க வைக்க வேண்டும் என்றார். மனசுக்கும் ஆரோக்கியம் என்று ஒன்று உண்டு என்றார். எனக்கு மின்னல் வெட்டியது. ஊருக்கு மேற்கே, குளிக்கவும் மாடு கழுவவும் ஒரு ஊருணி இருந்தது. அதன் நாலு கரையையும் செப்பனிட்டு, வேப்பங்கன்று வைத்து, உட்காரக் கல் போட்டு, ஒரு நடைபாதை. பெயர், மன அமைதிப் பாதை.

பஞ்சாயத்து பிரசிடெண்டு பெத்துராஜ் நிலபுலன் உள்ளவர். திட்டத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். “நடக்கிறதுக்குன்னே ஒரு பாதையா? எங்கன போறதுக்கு?” என்று கேட்டார். எங்கும் போவதற்கில்லை, சும்மா சுற்றி வருவதற்கு என்றேன். கிழக்குத் தெருக்காரர்கள் தினமும் கம்பெனிக்கு நடந்துதானே போகிறார்கள், அது போதாதா என்றார். அது உடம்பு நடக்கிற நடை, இது மனசு நடக்கிற நடை என்று நான் பதில் சொன்னேன். (இப்போது எழுதும்போதும் கூசுகிறது.) பாவம், அதற்கு மேல் என்னோடு பேச அவருக்குத் தெம்பில்லை. ஆள் விட்டுக் கரையைச் சீர் செய்து கொடுத்தார்.

சிவகாசியிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்து பலகைகள் எழுத வைத்தேன். ‘மௌனம் காக்கவும்.’ ‘சற்றே நின்று உங்கள் மனத்தைப் பாருங்கள்.’ ‘கவலையை இங்கே இறக்கி வையுங்கள்.’ கடைசிப் பலகையை நட்ட மறுநாளே, விறகு கொண்டுவருகிற பெண்கள் அதன் அடியில் கட்டை இறக்கி வைத்து இளைப்பாற ஆரம்பித்தார்கள். வேறு எந்தப் பலகைக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இனி அம்புக்குறிக்கு வருகிறேன். எல்லோரும் ஒரே திசையில் நடந்தால்தானே அமைதி? அதிலும் மங்களகரமாக இருக்க வேண்டுமே, கோயிலைப் போல வலமாகவே சுற்றட்டும் என்று தீர்மானித்தேன். பாதை தொடங்குகிற இடத்தில் ஊருணியைப் பார்த்து நின்று யோசித்தேன். வலம் என்றால் வலப்பக்கம். ஆகவே வலப்பக்கம் திரும்பு என்று பெரிய சிவப்பு அம்பு போடச் சொன்னேன். கோயிலில் அதுவரை முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தே சுற்றி வந்தவள் நான். சாமி வலக்கைப் பக்கம் இருந்தால்தான் வலம் என்பதும், அதற்கு இடப்பக்கமல்லவா திரும்ப வேண்டும் என்பதும் என் மூளைக்கு எட்டவே இல்லை. பெயிண்டர் தூரிகையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “இப்பிடியேவா போடணும்?” என்றார். கம்பீரமாகத் தலையாட்டினேன்.

திறப்பு விழாவுக்கு என் மேலதிகாரியான பி.டி.ஓ. ஜீப்பில் வந்தார். அமைதிப் பாதையாயிற்றே, அதனால் மேளம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு பூ கையில் கொடுத்தேன், சுற்றி முடித்ததும் தண்ணீரில் விடுவதற்கு. நடந்து களைத்தவர்கள் குடிக்க, கடைசி மூலையில் ஒரு கல்லின் மேல் புதுப்பானையில் தண்ணீர் வைத்திருந்தேன். எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

பி.டி.ஓ. ரிப்பனை வெட்டினார். அம்பைப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் பிரசிடெண்டு, அவருக்குப் பின்னால் நான். கையில் பூ, வாயில் பேச்சில்லை, ஊருணி எங்கள் இடக்கைப் பக்கம். பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூடப் பின்னால் வரவில்லை. கரையில் நின்றபடியே இருந்தார்கள். பெண்கள் வாயில் கைவைத்திருந்தார்கள். பலகை வேலை செய்கிறது, இதல்லவா மௌனம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடைசி மூலையில் பிரசிடெண்டு சட்டென்று நின்றார். கையிலிருந்த பூவைப் பார்த்தார். இடப்பக்கம் இருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, உசுரோட இருக்கிற என்னையப் போயி எளவு சுத்த வச்சிட்டீகளேம்மா.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பதறிப்போய் வந்த வழியே திரும்பினார். தோள் துண்டு பானையில் மாட்டியது. பானை கல்லிலிருந்து விழுந்து உடைந்தது. சுடுகாட்டில் கடைசியாக உடைப்பார்களே, அந்தச் சத்தம். பிரசிடெண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று பி.டி.ஓ. கேட்க, யாரோ அவர் காதில் சொன்னார்கள். பிணத்தைத்தான் இந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பி.டி.ஓ. பூவை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளை ஆபீசில் வந்து பார்க்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நான் நின்ற இடத்தில் நின்றேன். ஊருணி இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது கூட்டத்திலிருந்து வெள்ளைத்தாய் மட்டும் இறங்கி வந்தார். நான் கொடுத்த பூ அவர் கையில் இருந்தது. என் முன்னால் நின்று, அம்புக்குறியைக் காட்டினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அம்பு தெரியும்.

“இப்பிடித்தான சுத்தணும், டீச்சர்?”

தப்பாகப் போட்டுவிட்டேன், நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்று உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“எம் பிள்ளைய வீட்டுக்குக் கொண்டாரலயே. கொண்டாந்து போட்டாத்தான சுத்துறதுக்கு? நான் இன்னும் சுத்தவே இல்ல, டீச்சர்.”

சொல்லிவிட்டு நடந்தார். வலப்பக்கம் திரும்பி, ஊருணியை இடக்கைப் பக்கம் வைத்து, மெதுவாக. முதல் மூலை வரை சத்தமில்லை. ‘மௌனம் காக்கவும்’ என்ற பலகைக்கு நேராக வந்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. “ஏ பேச்சீ” என்று கூப்பிட்டார். அந்த ஒரு கூப்பாட்டுக்குக் கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகளைக் கொடுத்தவர்கள், தங்கச்சியைக் கொடுத்தவர்கள், மருமகளைக் கொடுத்தவர்கள். பின்னால் ஆண்களும் வந்தார்கள். எத்தனை சுற்று சுற்றினார்கள் என்று நான் எண்ணவில்லை. ஒப்பாரி ஒரு கரையில் தொடங்கி மறுகரைக்குப் போய் எதிரொலித்தது. பிறகு பூவைத் தண்ணீரில் விட்டு, எல்லோரும் இறங்கித் தலைமுழுகினார்கள்.

பிரசிடெண்டு கல்லிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது முடிகிற வரை நின்றார். மேற்கே அவர் தெருவில் யாரும் சாகவில்லை. ஆனாலும் அவரும் முழுகிவிட்டுத்தான் போனார். போகும்போது என்னிடம், “அந்த அம்ப அழிச்சிராதீக” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மெமோ வந்தது. அதைத் தொடர்ந்து இருக்கன்குடிப் பக்கம் மாற்றலும் வந்தது. அம்பைத் திருத்தச் சொல்லி ஆபீசிலிருந்து அதே பெயிண்டரை அனுப்பினார்களாம். ஊரில் அவருக்கு வயிறு நிறையச் சோறு போட்டு, பெயிண்டு டப்பாவைத் திறக்கவிடாமல் பஸ் ஏற்றிவிட்டார்கள். கம்பெனி வெடியில் செத்தவர்கள் உடம்பாக வீடு வந்து சேராதபோதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அந்தக் கரையைத்தான் சுற்றுகிறார்கள் என்று கேள்வி.

மெமோ கதை எனக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்விட்டது. நான் மாலை மாற்றிக்கொண்டது திருத்தங்கலில் அச்சாபீஸ் வைத்திருந்தவரோடு. மணமேடையைச் சுற்றும்போது என் நாத்தனார் இரண்டு பேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள், பெண் எந்தப் பக்கம் திரும்புவாளோ என்று. என் கணவர் சாகிற வரை அந்தக் கேலியை விடவில்லை. கோயிலுக்குப் போனால், “உங்கம்மாவ முன்னால விடாதீக, நம்ம எல்லாத்தையும் அனுப்பி வச்சிருவா” என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

அவர் இறந்த அன்று, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னைச் சுற்றி வரச் சொன்னார்கள். பழக்க தோஷம், எந்தப் பக்கம் என்று எனக்குத் திகைத்துவிட்டது. மகள் வந்து என் கையைப் பிடித்தாள். குனிந்து என் காதில் சொன்னாள்:

“இன்னைக்கு உன் பக்கந்தாம்மா.”

சிரித்துவிட்டேன். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். மகளும் நானும் அவர்களைத் திருத்தவில்லை.