ஜெய்னுதீன் பாய் கடைப் பலகையில் உன் பாட்டு

ஷாதிபூர்,
மார்கழி, சனிக்கிழமை இரவு.

அன்பும் மரியாதையும், கூடவே கொஞ்சம் கோபமும் சேர்த்து, அண்ணன் ரவிக்குமார் அவர்களுக்குத் தங்கை உமா மகேஸ்வரி எழுதுவது.

பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. இடது தோளில் ருக்கு தூங்குகிறாள், இறக்கிப் படுக்க வைத்தால் விழித்துக்கொள்வாள். விடிந்ததும் ஜெய்னுதீன் பாய் மகள் இர்பானா விமானத்தில் சென்னைக்குப் போகிறாள். அவளிடம் கொடுத்தால் அங்கே தபாலில் சேர்த்துவிடுவாள். இங்கே நான், குழந்தை இருவரும் சுகம். உன் மாப்பிள்ளை ஸ்ரீதர் கமோர்ட்டாத் தீவில் சுகம், அவருடைய கப்பல் அங்கேதான் நிற்கிறது. நீ கோயம்புத்தூரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் போனில் "உப்புக்காற்று" என்று உங்கள் பேண்டின் பெயரை எடுத்ததுமே "ஹலோ, ஹலோ, டவர் இல்ல"ன்னு கட் பண்ணிவிடுகிறாய். கமோர்ட்டாவில் இருக்கிறவருக்கு டவர் கிடைக்கிறது, கோயம்புத்தூரில் இருக்கிற உனக்குக் கிடைக்கவில்லையாக்கும். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழி.

தை மாதம் ருக்குவுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், எனக்கு இருக்கிறதோ நீ ஒரே அண்ணன். வரமுடியாது, லீவு இல்லை என்கிறாய். உனக்கு லீவு இல்லாமல் இல்லை, வெட்கம். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாடோ ஜெட்டியில் கப்பல் ஏறும்போது, உன்னோடு சேர்ந்து பேண்டு ஆரம்பித்த அப்ஸல் அண்ணனும் தேவேந்திரன் அண்ணனும் கெஞ்சிக்கொண்டு நிற்க, நீ படியில் நின்று என்ன சொன்னாய்? "இந்த பேண்டு பாய் கடை போர்டுல முதல் எடத்துக்கு வந்துச்சுன்னா, நா ரெண்டு காதையும் குத்தித் தோடு மாட்டிக்கிறேன்டா!" அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்தார்கள். அப்ஸல் அண்ணன் கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். நீ இன்னும் சத்தமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி, மறுபடி சொன்னாய். அண்ணா, உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அதை இன்றைக்கு ஒருத்தரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை. ஆகவே நீ தைரியமாக வரலாம்.

நீ இல்லாத இந்த மூன்று வருஷத்தில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முறையாகச் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே. நான் மெயின்லேண்டு போய்ப் புள்ளியியல் படித்தவள், தேதி தேதியாக எழுதி வைத்திருக்கிறேன். புரோத்ராபூரில் தேவேந்திரன் அண்ணன் வீட்டுக் கோழிக் கொட்டகையில் நீங்கள் பதிவு செய்தீர்களே ஆறு பாட்டு, நாலாவது பாட்டில் கிட்டாருக்கு நடுவே ஒரு கோழி முட்டை போட்டுவிட்டுக் கத்துமே, அந்த முதல் வெளியீடு போர்டில் பத்தாம் இடத்தில் ஒரு வாரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பாய் அழித்துவிட்டார். நீ பார்த்தது அவ்வளவுதான், கோபித்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டாய். மறு வருஷம் அவர்கள் ஹிந்தியில் மூன்று பாட்டு விட்டார்கள். எட்டாம் இடம், மூன்று வாரம். கோழி இல்லை, ஆனால் மழை கொட்டகைத் தகரத்தில் விழுகிற சத்தம் இருந்தது, அதை எல்லாரும் டிரம்ஸ் என்று நினைத்துப் பாராட்டினார்கள். தேவேந்திரன் அண்ணனும் மறுக்கவில்லை. மூன்றாவதாக இந்த மே மாதம், பரணில் கிடந்த உன் நோட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்து அப்ஸல் அண்ணன் பாடிவிட்டார். "ஆஜ் ஜஹாஜ் நஹி, இன்னிக்குக் கப்பல் இல்ல." அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்காதே. நான்தான்.

பாய் கடை இப்போதும் நீ இருந்த காலத்து மாதிரியேதான். கட்சால், கமோர்ட்டாத் தீவுகள் பக்கம் நெட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்பதால், போகிறவர்கள் எல்லாரும் கப்பல் ஏறுவதற்கு முன் பாயிடம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எந்தப் பாட்டை எத்தனை கார்டில் ஏற்றினார் என்று கோடு போட்டு எண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையில் பத்துப் பாட்டு எழுதுகிறார். சினிமாப் பாட்டுக் கம்பெனிக்காரனே வந்து நின்றாலும் ஒரு கோடு கூட்ட மாட்டார். உன் பாட்டு மே மாதம் ஒன்பதில் நுழைந்தது. ஜூலையில் நாலு. ஆகஸ்டில் இரண்டு. செப்டம்பரில் சடாரென்று ஏழுக்கு விழுந்தது. நான் துடித்துப்போய்ப் பாயிடம் ஓடினேன். "என்ன பாய், போன வாரம் ரெண்டுல இருந்துச்சே?" என்றேன். "தங்கச்சி, நா என்ன செய்ய? போன வாரம் கடல் மோசம், கப்பல் இல்ல. ஜெட்டிக்கிப் போன சனமெல்லாம் திரும்பி இங்கதான் வந்து ஒக்காந்துச்சு, அந்தப் பாட்டைப் போடு போடுன்னுச்சு. இந்த வாரம் கப்பல் டயத்துக்குப் போயிருச்சு. பஸ், கதம், அவ்ளோதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் தேதி எழுதி வைத்த நோட்டைப் புரட்டினால் அப்படியே இருக்கிறது! உன் பாட்டு ஏறிய வாரமெல்லாம் வானிலை எச்சரிக்கை வந்த வாரம். வானிலை எச்சரிக்கை வந்த வாரமெல்லாம் ஸ்ரீதர் எங்கேயோ ஒரு தீவில் மாட்டிக்கொண்ட வாரம். என் நிலைமையை யோசித்துப் பார். அண்ணன் பாட்டு மேலே போனால் புருஷன் வீட்டுக்கு வரமாட்டார், புருஷன் வந்தால் அண்ணன் பாட்டு இறங்கிவிடும். சாமி கும்பிடும்போது எதை வேண்டுவது என்றே தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். அக்டோபரில் ஐந்து நாள் ஒரு கப்பலும் நகரவில்லை, பாட்டு முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பேண்டுக்காரர்கள் ஓடி வந்து, "உமா, வந்துருச்சு! ரவியைக் கூப்பிடு!" என்று குதித்தார்கள். நான்தான் உனக்காகச் சண்டை போட்டேன். "இது காத்தழுத்தத் தாழ்வு மண்டலம் குடுத்த எடம், பாட்டு வாங்குன எடம் இல்ல. கணக்குல சேராது" என்றேன். அப்ஸல் அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு தேவேந்திரன் அண்ணன் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

இதில் இன்னொரு கூத்து. இதையெல்லாம் நான் ருக்குவின் நோட்டில்தான் எழுதுகிறேன், வேறு நோட்டுத் தேட நேரம் ஏது? இடது பக்கம் அவள் எத்தனை தரம் பால் குடித்தாள், எத்தனை தரம் வெளிக்குப் போனாள், வலது பக்கம் உன் பாட்டு. தடுப்பூசி போட வந்த பானு சிஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்து மிரண்டுவிட்டார். "என்னம்மா இது, ஒம்போதுலேருந்து நாலு, நாலுலேருந்து ரெண்டு, 'இந்த வாரம் பயங்கர வரவேற்பு'ன்னு வேற எழுதிருக்க? கொழந்தைக்கு வயிறு சரியில்லையா?" நான் விளக்கிச் சொன்னேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நீ சரியா தூங்குறியாம்மா?" என்று கேட்டார். ஆனால் போகும்போது மெமரி கார்டை நீட்டி, "அந்தப் பாட்டு ஒங்கிட்ட இருக்கா?" என்றார். ருக்குவுக்கு ராகிக் கஞ்சி ஊட்டுவதே அந்தப் பாட்டை வைத்துத்தான். நடுவில் எல்லாம் நின்றுபோய் டிரம்ஸ் மட்டும் தடதடவென்று வருமே, சரியாக அங்கே வாயைத் திறப்பாள். ஒரு தடவை கேட்டால் ஒரு ஸ்பூன். ஒரு கிண்ணம் கஞ்சிக்குப் பதினேழு தடவை. ஸ்ரீதர் மட்டும், "எங்க ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுறதும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பொறாமை.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து கடல் அசையவில்லை. எல்லாக் கப்பலும் நேரத்துக்குக் கிளம்பி நேரத்துக்கு வருகிறது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. என் கணக்குப்படி உன் பாட்டு போர்டிலிருந்தே காணாமல் போக வேண்டும். அண்ணா, இது மூன்றாவது சனிக்கிழமை, மூன்று வாரமும் முதல் இடம். நான் நம்பாமல் போன வாரம் ருக்குவைத் தூக்கிக்கொண்டு கடையிலேயே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். கட்சால் ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், மூட்டையும் பையுமாக வந்து கார்டை நீட்டினார். "அந்தக் கப்பல் இல்லைங்கிற பாட்டு." பாய் சிரித்தார். "இன்னிக்குத்தான் கப்பல் இருக்கேம்மா, ரெண்டு மணிக்கு." "கப்பல் இருந்தா என்ன? பாட்டு நல்லா இருக்குத்தானே. எங்கட பிள்ளையள் நாலு பேரும் கேக்குதுகள்" என்றார் அவர். நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். உனக்கு என்ன தோன்றுமோ தெரியாது. மழை இல்லை, புயல் இல்லை, ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒருவர் நின்று உன் பாட்டைக் கேட்டு வாங்கிப் போகிறார். அது கோழிக் கொட்டகையில் பரீட்சைக்குப் படிக்காமல் நீ எழுதிய பாட்டு, அப்பாவிடம் நீ அதற்காக வாங்கிய அடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்ஸல் அண்ணன் ஒவ்வொரு தடவை மேடையிலும், "எழுதுனது எங்க ரவி" என்று சொல்லிவிட்டுத்தான் பாடுகிறார். நீ விட்டுப்போன கிட்டாருக்கு இன்னும் வேறு ஆள் எடுக்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்வது? வந்து உன் மருமகளை மடியில் வைத்துக்கொள். அவள் கத்துகிற கத்தலை அந்தப் பாட்டைக் கொண்டு நீதான் நிறுத்த வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஹோட்டல் சாப்பாட்டைக் குறை. ருக்குவின் முத்தங்கள், பாயின் சலாம், ஸ்ரீதரின் அன்பு எல்லாம் இதனுள் வைத்திருக்கிறேன்.

உன் பாட்டை இன்றைக்கு மட்டும் முப்பத்து நாலு தடவை கேட்ட தங்கை,
உமா

பின்குறிப்பு: இர்பானா விடியற்காலையில் கடிதம் வாங்க வந்து, வாசலில் நின்றே முழுவதும் படித்துவிட்டாள். "அக்கா, பொய் எழுதுன லெட்டரை நா பிளைட்ல கொண்டு போக மாட்டேன்" என்கிறாள். ஆகவே உண்மை: ஹாடோவில் நீ சொன்னதை ஒருத்தரும் மறக்கவில்லை. பாய் மூன்று வாரமாகப் போர்டில் உன் பாட்டுப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு காதும் வரைந்து வைத்திருக்கிறார், அது என்ன காது என்று கட்சால் வரைக்கும் தெரிந்துவிட்டது. அப்ஸல் அண்ணன் பந்தலில் இரண்டு மணை போடச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீதர் கமோர்ட்டாவிலிருந்து உனக்குச் சிவப்புக் கல்லா வெள்ளைக் கல்லா என்று கேட்கிறார். ஆசாரி முத்துகிருஷ்ணனுக்குப் பெரிய ஆள் காதுக்கென்று தனியாகக் கம்பி செய்ய வேண்டுமாம், ஒரு காதா இரண்டு காதா என்று தெரிய வேண்டுமாம். நான் சண்டை போட்டு ஒன்றுக்குக் குறைக்கப் பார்க்கிறேன். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு அண்ணா.