கோச்சம்மா வாய் திறந்த நாள்

மரியாதையாகத் திட்டுவதில் எங்கள் கோச்சம்மாவை மிஞ்ச அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் ஆளே கிடையாது. கோயம்புத்தூர்க்காரர். அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் டெஸ்டிங் டீம் லீட். "ஏனுங்க தடிமாடுங்களா, கொஞ்சம் ஓடித் தொலையறீங்களாங்க?" என்பார். கோபித்துக்கொள்ளவும் வழியிருக்காது.

அலுவலகங்களுக்கிடையே நடக்கும் ஃபுட்பால் லீகில் எங்களைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான், கோச்சும் அவர்தான். அமெரிக்க ஃபுட்பால், முட்டை வடிவப் பந்து. பந்தோடு ஓடுகிறவனின் இடுப்பில் தொங்கும் ரிப்பனை எதிராளி உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. நாங்களோ வேட்டியையே உருவின மாதிரி பதறுவோம்.

இந்தப் பித்து அவருக்கு நூலகத்தில் எடுத்த ஒரு பழைய புத்தகத்தால் வந்தது. நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரு காலேஜ் கோச்சின் கதை. ஒரு காலேஜில் தோற்பார், விரட்டுவார்கள், அடுத்த காலேஜுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மழை என்று நாங்கள் முனகினால் போதும். "அவரு பனியில ஹெல்மெட் இல்லாம ஆட வெச்சாருங்க. நீங்க என்ன, கரைஞ்சா போயிருவீங்க?"

அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது கோச் ஓரத்திலிருந்து வாயே திறக்கக்கூடாதாம். படித்த அன்றே கோச்சம்மாவும் சபதம் எடுத்துவிட்டார். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? ஊரிலிருந்து வந்த கமர்கட் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். தாடை ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் முழுக்கக் கண் மட்டும் திட்டும்.

பலன்? சீசன் முழுக்க ஒரு பாயிண்ட்கூட இல்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் லீக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள், ஒரு பாயிண்டாவது எடுக்காத டீமுக்கு அடுத்த வருஷம் இடமில்லை என்று.

"எடுக்கறோமுங்க" என்றார் கோச்சம்மா. அவ்வளவுதான்.

கடைசி நிமிஷம். பந்து முருகேசன் கையில். ஸ்கூலில் கபடி சாம்பியன் என்று கேள்விப்பட்டு கோச்சம்மாவே தேடிப்பிடித்த ஆள். வளைந்து நெளிந்து எல்லாரையும் தாண்டிவிட்டான். பந்தோடு எதிர்க்கோட்டைத் தாண்டினால் பாயிண்ட். முருகேசன் கோட்டைக் கால் கட்டைவிரலால் தொட்டான். தொட்டுவிட்டு, பழக்கதோஷம், "கபடி கபடி" என்று எங்கள் பக்கமே திரும்பி ஓடிவந்தான்! எதிரணிக்காரர்கள் வாயைப் பிளந்தபடி நின்றார்கள்.

கோச்சம்மா கமர்கட்டைத் துப்பினார்.

"ஐயோ முருகேசு, இங்க வராதீங்க! திரும்புங்க சாமி! கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உழுங்க!"

பார்க்கிங்கில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முருகேசன் நின்ற இடத்திலேயே சுழன்று, பந்தோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தான்.

ஆட்டத்தில் படுதோல்விதான். இருந்தாலும் பாயிண்ட் கிடைத்து அடுத்த வருஷ இடம் உறுதியாகிவிட்டதே என்று முருகேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். கோச்சம்மா மட்டும் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். சபதம் உடைந்த துக்கம் என்று நினைத்தேன்.

"விடுங்கக்கா, அந்தக் கோச்சே இருந்திருந்தாலும் கத்தியிருப்பாரு."

"அதுக்கில்லீங்க தம்பி. அவரு ஒரு டீம் போனா இன்னொரு டீமுன்னு போயிட்டே இருந்தாருங்க. என்னால அது ஆகாதுங்க. எனக்கு நீங்கதானுங்க வேணும்."

இந்த மனுஷிக்காக இன்னும் எத்தனை சீசன் வேண்டுமானாலும் தோற்கலாம்.