பத்து இருபதுக்கு முட்டை

"எங்கேயாவது போகலாமா" என்று யாராவது கேட்டவுடன் சிலர் செருப்பைத் தேடுவார்கள், சிலர் சீப்பைத் தேடுவார்கள். என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், உள்ளங்கையின் ஓரத்தால் மேஜையை வழித்துவிடுவார். மேஜைமேல் காகிதம் இருக்கிறதோ இல்லையோ, இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு, மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அந்த இரண்டு இழுப்பும் முடிந்துவிட்டால் அன்றைக்கு யாரும் எங்கேயும் போகப்போவதில்லை என்று அர்த்தம். அக்காவும் நானும் பாதித் தலை வாரியிருந்தாலும் சீப்பைக் கீழே வைத்துவிடுவோம்.

இந்த இனத்துக்குப் புறப்பாட்டு நிபுணர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். சில வீடுகளில் இரண்டு பேர்கூட இருப்பதுண்டு. அந்த வீட்டுக்காரர்களைத் தெருமுனையில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறிக்கு வீட்டில் இருப்பது பிடிக்கும், அதனால் இருந்துவிடுவான். நிபுணருக்கோ வெளியே போவதென்றால் உயிர். அப்படிப் போவது ஒரு குறையும் இல்லாமல் அமைய வேண்டும் என்று பேனாவைக் கையில் எடுப்பார், தாளில் கோடு போடுவார், கட்டம் போடுவார், கட்டத்துக்குள் நேரம் எழுதுவார், எழுதியதைப் படித்துப் பார்த்து முகம் மலர்ந்துபோவார். அந்த மலர்ச்சியிலேயே பாதி ஊர் சுற்றிய களைப்பு வந்துவிடும். பிறகு எதற்குப் போவது?

என் அத்தானுக்கு உத்தியோகமும் வாகாக அமைந்துவிட்டது. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது என்று குறிப்பதும், கிளம்பாத வண்டியைப் பார்த்து விசில் ஊதுவதும்தான் வேலை. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் புறப்பட வைத்துவிட்டு, தான் மட்டும் அதே நாற்காலியில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடி அறைக்கு ஒரு விளம்பரத் தாள் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழங்காலப் பண்ணை இருக்கிறதாம். நூறு வருடத்துக்கு முன்னால் எப்படி உழுதார்களோ அப்படி உழுகிறார்கள், எப்படிப் பால் கறந்தார்களோ அப்படிக் கறக்கிறார்கள், உடையும் அந்தக் காலத்து உடை, பேச்சும் அந்தக் காலத்துப் பேச்சு. வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கலாம், கூடச் சேர்ந்து வேலையும் செய்யலாம். தாளின் அடியில் ஒரு வரி: கோழிக் கொட்டகைக்குள் போய் முட்டை எடுக்கக் குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி, நுழைவாயிலில் நான்கடி மூன்றங்குல உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும், தலை அதில் தட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

அக்கா மகள் குருவிக்கு அப்போது ஐந்து வயது. கொறிக்கிற அளவுதான் சாப்பிடுவாள், அதனால் அந்தப் பெயர். அந்த ஒரு வரியைப் படித்துச் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. என்னைச் சமையலறை நிலைப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சித்தி, அந்தக் கட்டை எவ்ளோ உசரத்துல இருக்கும்னு இங்க கோடு போடுங்க."

நான் அதே வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். இஞ்ச் டேப் கழுத்திலேயே இருந்தது. அளந்து பென்சிலால் கோடு போட்டேன். அவள் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் என் கையால் ஒரு சாண் இடம் இருந்தது.

"இன்னும் நெறைய இருக்கு" என்றாள் சந்தோஷமாக.

நிறையத்தான் இருந்தது. அத்தான் மேஜையை வழித்தார்.

முதல் வருடம் பண்ணைக்குப் போகிற சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாம் வருடம் செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மாதம் எது என்று தெரியவில்லை. அது தெரியாமல் போய், போன வாரம்தான் கத்தரித்தோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் யார் பொறுப்பு? மூன்றாம் வருடம் எல்லாம் தயார், ஆனால் திட்டத்தில் அடித்தல் திருத்தல் அதிகமாகி, அதைச் சுத்தமாக வேறு தாளில் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது கொல்லுப்பட்டறைக்கும் பால் கொட்டகைக்கும் நடுவில் நடக்க நான்கு நிமிஷம் போதுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அந்தத் திட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே! 9.40 வாசல். 9.44 கை கழுவுதல். 9.50 ஏர் உழுதல், பார்ப்பதற்கு எட்டு நிமிஷம், வியப்பதற்கு இரண்டு நிமிஷம். 10.20 முட்டை. 10.35 கொல்லுப்பட்டறை. 11.15 குருவி அழுதல், ஐந்து நிமிஷம். 12.40 முதல் 12.50 வரை எதிர்பாராத நிகழ்ச்சிகள்.

"எதுக்குப்பா நான் அழணும்?" என்று குருவி கேட்டாள்.

"அழணும்னு இல்லம்மா. அழுதா நேரம் இருக்கட்டுமேன்னு."

"அழலைன்னா?"

அத்தான் யோசித்தார். "அழலைன்னா அந்த அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும். அடுத்தது ஆரம்பிக்காதே."

நிபுணரின் இன்னொரு அடையாளம் இது: யார் எது சொன்னாலும் "நல்ல யோசனை, அதையும் சேத்துக்கலாம்" என்பார். ஒருபோதும் மறுக்கமாட்டார். மறுத்திருந்தால் சண்டை போட்டாவது போயிருப்போம். சேர்த்துக்கொண்டே போனால் எங்கே முட்டிக்கொள்வது?

இதற்கு நடுவில் குருவி மாதம் ஒருமுறை நிலைப்படியில் முதுகை ஒட்டி நிற்பாள், நான் ஸ்கேலை அவள் தலையில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சாண் எட்டு விரல் ஆனது. எட்டு விரல் நான்கு விரல் ஆனது. ஒன்பதாவது வயதில் ஒரு நாள் ஒரே ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டை அவள் வேண்டாம் என்று தள்ளினாள்.

"பசிக்கலையா?" என்றாள் அக்கா.

"சாப்ட்டா வளந்துருவேன்மா."

அக்கா தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கெழம போறோம்."

"இந்த ஞாயிறா? இன்னும் கழிப்பறைக்கு எத்தன நிமிஷம் விடறதுன்னு…"

"நானும் அவளும் தங்கச்சியும் போறோம். நீங்க வேணும்னா கோடு போட்டுட்டு இருங்க."

"நீங்க மட்டும் போனா நேரத்த யாரு பாக்குறது?" என்று பதறிப்போய் அவரும் கிளம்பிவிட்டார்.

இங்கேதான் வந்தது வினை. பண்ணை வாசலில் சீட்டுக் கொடுக்கிறவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். எங்களை அல்ல, அத்தானை.

"வாங்க சார், வாங்க! இன்னிக்கும் அளக்கணுமா? ஆள் வேணும்னா கூட அனுப்புறேன். போன தடவ நீங்க சொன்னீங்கன்னு படியில வழுக்காம மண்ணு போட்டுட்டோம் சார்."

அத்தான் வானத்தைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது வானம்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், டூட்டி என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அவர் இங்கே தனியாக வந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். கையில் நோட்டு, மணிக்கட்டில் கடிகாரம், வாசலிலிருந்து பட்டறைக்கு எத்தனை தப்படி, பட்டறையிலிருந்து குழாய்க்கு எத்தனை நிமிஷம் என்று குறித்தபடி நடந்ததில், பண்ணைக்காரர்கள் இவரை மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"மூணு தடவையா?" என்றாள் அக்கா. "நான் டிப்பன் பாக்ஸ் வேற கட்டிக் குடுத்தேன்."

"உங்களுக்காகத்தான்…" என்று ஆரம்பித்தார் அத்தான்.

குருவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கோழியப் பாத்தீங்களா?"

"தூரத்துல இருந்துதான்மா."

"எத்தன கோழி?"

பொய் சொல்லியிருக்கலாம். நிபுணருக்குக் கணக்கில் பொய் வராது. "இருபத்திமூணு" என்றார்.

குருவி அவர் சட்டையை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்படி அவள் 11.15க்குத்தான் அழ வேண்டும். மணி 9.47.

கோழிக் கொட்டகைக்குப் போனோம். நீளப் பாவாடையும் தலையில் துணிக்கட்டுமாக ஓர் அம்மாள் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். சரியாக 10.20க்கு அத்தான் தொண்டையைச் செருமினார்.

"முட்டை எடுக்கற நேரம் ஆச்சுங்களே."

"யாரு சொன்னா?"

"பத்து இருவதுன்னு போட்டிருக்கேன்."

"கோழிகிட்ட காட்டினீங்களா ஐயா?"

அந்தக் காலத்து மனுஷியாகவே பேச வேண்டும் என்பது அங்கே விதி. அவள் கடிகாரத்தை இதற்கு முன் பார்த்ததே இல்லாதவள் மாதிரி அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். கோழிகள் இட்டு முடித்து இறங்கி வந்து கொக்கரித்ததும் மணியடிப்பேன், அதுவரை எல்லாரும் உட்காருங்கள் என்றாள்.

"உத்தேசமா எத்தன மணிக்குன்னு…"

"உத்தேசமா முட்டை வந்தப்பறம்."

அத்தான் 10.35 பட்டறையைப் பற்றிச் சொன்னார். பட்டறைக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடலாம், நான்கு நிமிஷம்தான், மூன்று முறை நடந்து பார்த்தாகிவிட்டது என்றார். குருவி அந்தக் குறுக்குக் கட்டைக்கு அடியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்தேன். பஸ்ஸை விசில் ஊதிக் கிளப்பலாம். கோழியை என்ன செய்வது? உட்கார்ந்திருப்பதற்கு என்று திட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் நின்றார், நடந்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், பிறகு மெல்ல மண்ணில் அமர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இருபத்திமூன்று கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக மணியடித்தது. குருவி எழுந்து கட்டைக்கு நேராக நின்றாள். வீட்டுக் கோட்டில் ஒரு விரல் இடைவெளி இருந்ததே, இங்கே அவள் உச்சி முடி கட்டையில் உரசி நின்றது. அப்போதுதான் உறைத்தது. எதை அளந்தாலும் தையலுக்கு முக்கால் அங்குலம் கூட்டிவிடுகிற கை இது. நிலைப்படிக்கு எதற்குத் தையல் விட்டேன்? நான்கு வருடமாக அவளுக்கு இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குருவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். மூச்சை விட்டால் அந்த அளவுக்கு வளர்ந்துவிடுவாள் என்று நினைப்புப் போல.

அத்தான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். "தப்பு எம்மேல" என்றார். "நாலு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு குருவியின் தலையில் கையை வைத்து முடியை நன்றாக அமுக்கினாள்.

"முடி எல்லாம் உசரத்துல சேத்தி இல்லம்மா. உள்ள போ. கூடைய இடிக்காத."

உள்ளேயிருந்து ஒரே இறக்கைச் சத்தம். சற்று நேரத்தில் மூங்கில் இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை வெளியே நீண்டது, உள்ளங்கையில் ஒரு முட்டையோடு.

"அப்பா, பிடிங்க. சூடா இருக்கு. இது உங்களுக்கு."

அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, என்ன செய்வது, பழக்கம், மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். முட்டை நழுவி அவர் ஷூவிலேயே உடைந்தது.

11.52.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படிக்க ஆரம்பிக்கும் முன்பே, இது எவ்வளவு நீளம், படித்து முடிக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று கடைசிப் பக்கம்வரை ஒரு புரட்டுப் புரட்டினீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். இப்போது மேஜைமேல் உங்கள் கை எங்கே இருக்கிறது என்றும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி இப்போது நிலைப்படிக் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் வளர்ந்திருக்கிறாள், வயிறாரச் சாப்பிடுகிறாள். பண்ணைக்கு இரண்டாவது முறை போவதற்கான திட்டம் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது; அதில் முட்டைக்கு நேராக "கோழி சொல்லும்போது" என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "11.52" என்று போட்டிருக்கிறார் அத்தான். நாங்கள் இன்னும் புறப்படவில்லை.